மங்கோலிய 'ந': ஒரு பல், ஒரு புள்ளி

மங்கோலியர் மேலிருந்து கீழாக எழுதும் பழைய எழுத்தில் 'ந' ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பார்க்க எப்படி இருக்கும், அண்ணா?

தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நுரு', அதாவது முதுகெலும்பு. அதன் இடப்பக்கம் சின்னதாக ஒரு முள் நீட்டினால் அது 'ஷுத்', பல். சொல்லின் நடுவில் 'ந' இந்த ஒற்றைப் பல்தான், பக்கத்தில் ஒரு புள்ளி. சொல்லின் தலையில் வந்தால் மகுடம், கடைசியில் வந்தால் வால். உடம்பின் பெயர்களையே எழுத்துக்கும் வைத்துவிட்டார்கள்!

புள்ளி எப்போதும் உண்டா?

இல்லை. பின்னால் உயிர் வந்தால் புள்ளி உண்டு. மெய் வந்தாலோ, சொல் அங்கேயே முடிந்தாலோ கிடையாது. 'அந்த' என்ற மங்கோலியச் சொல்லைப் பாருங்கள், சத்தியம் செய்துகொண்ட நண்பன் என்று பொருள். தெமுஜினும் (பின்னாளில் செங்கிஸ் கான்) அவருடைய இளமைத் தோழர் ஜமுகாவும் அப்படிப்பட்டவர்கள். அந்தச் சொல்லில் 'ந்' மொட்டைப் பல். நாம் செய்வதற்கு இது நேர் தலைகீழ். உயிர் இல்லாத மெய்யின் தலையில் நாம் புள்ளி வைக்கிறோம், அவர்கள் உயிர் ஏறும் மெய்க்கு வைக்கிறார்கள். முதல் மாதம் முழுக்க எனக்கு இதில்தான் தப்பு. 'ன்' (அவர்களுக்கு ந், ன் இரண்டும் ஒரே எழுத்துதான்) என்று காதில் விழுந்ததுமே கை புள்ளி வைத்துவிடும்.

புள்ளியை விட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

நடுவில் வரும் 'அ', 'எ' இரண்டுமே ஒற்றைப் பல்தான். சொல்லின் தலையில் 'அ' என்பது மகுடமும் பல்லும். புள்ளி இல்லாத 'ந' என்ற அசையும் அதேதான். ஆக 'நர' (சூரியன்) என்று எழுதிப் புள்ளியை மறந்தால் 'அர' என்றும் படிக்கலாம். பழைய கையெழுத்துப் படிகளில் புள்ளியை எப்போதும் எதிர்பார்க்கவும் முடியாது. நம் ஓலைச்சுவடிகளில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கேயும் புள்ளியைப் படிப்பவர்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மெய்க்குப் பின் பல் வந்தால் உயிர், உயிருக்குப் பின் வந்தால் பெரும்பாலும் 'ன்'. இப்படித்தான் ஊகித்துப் போக வேண்டும்.

சொல் கடைசியில் வாலுக்குப் புள்ளி வரவே வராதா?

நல்ல கேள்வி, தம்பி. 'கன்' என்றால் அரசன், நாம் 'கான்' என்போமே, அதுதான். கடைசியில் வெறும் வால். 'கன' என்றால் அவர்களுடைய வட்டக் கூடாரத்தின் மடக்குச் சட்டச் சுவர். இதில் அந்த 'அ' ஒட்டாது. சிறு இடைவெளி விட்டுத் தனியாக நிற்கும். 'ந'வும் சொல் முடிந்துவிட்டது போல வாலை நீட்டிவிடும். ஆனால் உயிர் தள்ளி நின்றாலும் உயிர்தானே, அதனால் வாலின் பக்கத்தில் புள்ளி வந்துவிடும். இதைத் தட்டச்சு செய்ய யுனிகோடில் அந்த இடைவெளிக்கென்றே தனிக் குறி இருக்கிறது. சாதாரண இடைவெளியைத் தட்டினால் சொல் இரண்டாக உடைந்து போகும்.

இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?

உய்குர் எழுத்திலிருந்து. 1204-ல் நைமன் என்ற இனக்குழுவை வென்றபோது பிடிபட்ட தாதாதுங்கா என்ற உய்குர் எழுத்தரிடம் செங்கிஸ் கான் தன் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார் என்கிறது சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் மரபின் வரலாற்று நூல்.

இப்போதும் யாராவது எழுதுகிறார்களா?

சீனாவின் உள் மங்கோலியாவில் விடாமல் எழுதுகிறார்கள். மங்கோலியா நாடு 1940-களில் சிரிலிக்குக்கு, அதாவது ரஷ்ய மொழி எழுதும் எழுத்துக்கு, மாறியது. 2025 முதல் அரசு ஆவணங்கள் இரண்டு எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

வீட்டில் பழக எதிலிருந்து தொடங்கலாம்?

அவர்களுடைய அரிச்சுவடியின் பெயர் 'சகான் தொல்கோய்', வெள்ளைத் தலை. அதில் ஏழு உயிர்கள் முடிந்ததும் முதலில் வரும் மெய் வரிசை 'ந'தான், அங்கிருந்தே தொடங்குங்கள். ந, நெ, நி, நொ, நு, பிறகு இதழ் குவித்துச் சொல்லும் இன்னும் இரண்டு (ரோமன் எழுத்தில் nö, nü). எழுதி முடித்துப் பாருங்கள்: 'ந'வும் 'நெ'யும் ஒன்றே, 'நொ'வும் 'நு'வும் ஒன்றே, கடைசி இரண்டும் ஒன்றே. ஏழு ஒலிக்கு நான்கே வடிவம். புள்ளி மட்டும் ஏழிலும் இருக்க வேண்டும்.