ரெக்ரூட்டர் உங்க ஆள் இல்ல தம்பி

சென்னைல எட்டு வருஷம் எஸ்ஏபி ஃபிக்கோ, அதாவது கம்பெனி கணக்கு வழக்கு பாக்கற சாஃப்ட்வேர் வேலை பாத்துட்டு, மனைவி விசால டிபெண்டன்டா இங்கிலாந்து வந்து மூணு மாசம் ஆச்சு, தினம் நாலு ரெக்ரூட்டர் கூப்பிட்டு சூப்பர் ப்ரொஃபைல்ங்கிறாங்க, அப்புறம் ஆளையே காணோம், நான் என்ன தப்பு பண்றேன்னு கேட்டிருக்கீங்க.

தப்பெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. ரெக்ரூட்டருக்கு காசு குடுக்கறது ஆள் எடுக்கற கம்பெனி, நீங்க இல்ல. வேலை தேடித் தர்றேன்னு உங்ககிட்ட பணம் கேட்டா அது 1973 சட்டப்படியே இங்க குத்தம், போனை வெச்சிருங்க. கான்ட்ராக்ட் வேலைன்னா, கம்பெனி குடுக்கற நாள் ரேட்டுல ஒரு பங்கை எடுத்துக்கிட்டு மீதிய உங்களுக்குத் தர்றதுதான் அவன் பொழப்பு. என் மொத ப்ராஜெக்ட்ல பிரிண்டர் மேல கெடந்த பில்லை எதேச்சையா பாத்தேன், எனக்கு 400 பவுண்டு, அவங்க போட்டிருந்தது 540. ரெண்டு நாள் வயிறு எரிஞ்சுது. ஆனா அந்தக் கம்பெனி அவங்க லிஸ்ட்ல இருக்கற ஏஜென்சி வழியாத்தான் ஆள் எடுப்பாங்க, நானா போய் கதவத் தட்டினா யாரு தொறப்பா? ரின்யூவல் வந்தப்ப சண்டை போட்டு 30 ஏத்திக்கிட்டேன், அது வேற கதை.

வர்ற போன்ல பாதி வேலைக்கே இல்ல. "இப்ப வேற எங்க இண்டர்வியூ போகுது?"னு கேப்பான், நீங்க வாய் விட்டா அங்க அவன் ஆள அனுப்புவான். ரெஃபரன்ஸுக்கு பழைய மேனேஜர் நம்பர் கேப்பான், நான் வெள்ளந்தியா குடுத்து, அந்த மனுஷன் எனக்கே போன் பண்ணி யாருப்பா இது, ஆள் வேணுமா ஆள் வேணுமான்னு உசுர எடுக்கறான்னு திட்டினாரு. ஆஃபர் கைக்கு வராம யார் நம்பரும் குடுக்காதீங்க.

எந்தக் கம்பெனிக்குன்னு பேரு சொல்லாம சிவிய அனுப்ப விடாதீங்க, சரின்னு ஈமெயில்ல மட்டும் சொல்லுங்க. ரெண்டு ஏஜென்சி ஒரே எடத்துக்கு அனுப்பி, இது என்னடா வம்புன்னு ரெண்டையும் தூக்கிப் போட்டது எனக்கே நடந்திருக்கு.

அம்ப்ரெல்லா, அதாவது நடுவுல உங்கள வேலைக்கு வெச்சு சம்பளம் போடற கம்பெனி, அது வழியா நாளைக்கு 550 பவுண்டுன்னு சொன்னா வாயப் பொளக்காதீங்க, முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் 15% கூட அதுக்குள்ளருந்துதான் போகும், அம்ப்ரெல்லாக்காரன் பங்கு போகும், அப்புறம்தான் உங்க வரியே ஆரம்பிக்கும். கையெழுத்துக்கு முன்னாடி கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் கேளுங்க, ஏஜென்சி குடுத்தே ஆகணும், கைக்கு எவ்வளவு வரும்னு அதுல ஒரு உதாரணக் கணக்கு இருக்கும்.

நெறைய பேருக்கு இந்த வேலையே புரியாது, வார்த்தைய வெச்சுத்தான் தேடுவாங்க. ஒருத்தன் என்கிட்ட "ஃபிக்கோ ஓகே, எஃப்ஐ தெரியுமா?"ன்னான், ஃபிக்கோவுல பாதியே எஃப்ஐதான்! எஸ்ஏபியோட பழைய சாஃப்ட்வேர் ஈசிசிக்கு 2027 கடைசியோட மெயின் சப்போர்ட் முடியுதுன்னு எல்லாரும் புதுசான எஸ்4ஹானாவுக்கு ஓடிட்டு இருக்காங்க, அதுல ஒரு ப்ராஜெக்ட் பண்ணிருந்தாலும் சிவில மேலயே போடுங்க. அதுக்கும் மேல, வேலை பாக்க அனுமதி இருக்கு, ஸ்பான்சர்ஷிப் வேண்டாம்னு ஒரு வரி. டிபெண்டன்ட்னு பாத்த ஒடனே நமக்கெதுக்குன்னு தள்ளி வெக்கறவன் நெறைய, உங்க போன் அதனாலகூட நின்னிருக்கும்.