டபிள்யூவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்

கேள்வி: மேலூரில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, தமிழில் மனு டைப் செய்வது, இதுதான் வேலை. பக்கத்தைப் படம் பிடிக்க குரோமில் ஓர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) போட்டு, கன்ட்ரோல்+ஷிப்ட்+ஈ என்று ஷார்ட்கட் கொடுத்தேன். போன வாரம் கடையில் கூட்டம் நிற்கும்போது அதை அழுத்தினேன், விண்டோவே மூடிக்கொண்டது. பாதி நிரப்பிய வருமானச் சான்று விண்ணப்பம் போச்சு. எக்ஸ்டென்ஷன் கோளாறா?
– வாசகர், மேலூர்

பதில்: எக்ஸ்டென்ஷன் பாவம், அதை விட்டுவிடுங்கள். கீபோர்டைக் குனிந்து பாருங்கள், ஈ எழுத்துக்கு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு இருப்பது டபிள்யூ. கன்ட்ரோல்+ஷிப்ட்+டபிள்யூ என்றால் குரோமுக்கு ‘எல்லா டேப்பையும் சேர்த்து விண்டோவை மூடு’ என்று பொருள். அவசரத்தில் விரல் ஒரு கட்டம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கன்ட்ரோல்+ஷிப்ட்+டி (டேப்பின் முதல் எழுத்து) அழுத்தினால் மூடியது திரும்ப வரும், ஆனால் நிரப்பியது வரும் என்று நம்பி உட்காராதீர்கள்.

ஷார்ட்கட் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் ‘இந்தச் சேர்க்கை காலியா’ என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். உங்கள் கடைக்கு நான் சொல்வது கன்ட்ரோல்+ஷிப்ட்+யூ. அதன் வலப்பக்கம் ஐ. தவறி அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் (இணையதளம் செய்பவர்களுக்கான பகுதி) திறக்கும், மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். டி பக்கம் மட்டும் போகவே வேண்டாம், முந்தைய வாடிக்கையாளர் மூடிவிட்டுப் போன பக்கம் அடுத்தவர் கண் முன்னால் திறந்து நிற்கும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. நம் தமிழ் மென்பொருள்கள் பலவற்றில் ஆல்ட்டோடு ஓர் எண்ணை அழுத்தித்தான் தமிழ்99, போனடிக் என்று டைப் செய்யும் முறையை மாற்றுகிறோம். இது தெரிந்தே நான் ஒரு தடவை எக்ஸ்டென்ஷனுக்கு ஆல்ட்+2 கொடுத்துவிட்டு, அது திறக்கவே இல்லையே என்று இரண்டு முறை அழித்து அழித்துப் போட்டேன். அந்த இரண்டு சாவியையும் தமிழ் மென்பொருள் முதலிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறது, குரோம் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. சரி, ஆல்ட்+ஷிப்ட் வைக்கலாமா என்றால், விண்டோஸில் இடது ஆல்ட்+ஷிப்ட் பல கணினிகளில் மொழியை மாற்றும் சாவி, எழுத்தை அழுத்தத் தவறினால் ஆங்கிலத்தில் போய் நிற்பீர்கள்.

கன்ட்ரோல்+ஆல்ட் இரண்டையும் சேர்த்து வைக்க குரோம் விடாது, அது நல்லதுக்குத்தான். பல கீபோர்டுகளில் வலது ஆல்ட்டை அழுத்தினாலே கணினி அதை கன்ட்ரோல்+ஆல்ட் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் ‘இங்கிலிஷ் இந்தியா’ கீபோர்டில் வலது ஆல்ட்+4 அடித்துப் பாருங்கள், ₹ வரும். அந்த இடத்தில் ஓர் எக்ஸ்டென்ஷன் வந்து உட்கார்ந்தால் பில்லில் ரூபாய்க் குறி எப்படிப் போடுவது?

ஷார்ட்கட்டை மாற்றும் இடம்: குரோமில் எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் ‘கீபோர்டு ஷார்ட்கட்ஸ்’ இருக்கும். பயர்பாக்ஸ் என்றால் ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் பல்சக்கரப் படத்தை அழுத்துங்கள். குரோமில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘குளோபல்’ என்று ஒரு தேர்வு தெரியும், அதைத் தொட வேண்டாம். தொட்டால் நீங்கள் வேர்டில் மனு அடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சாவி வேலை செய்யும். மாற்றியதும் காலி டேப்பில் மட்டும் சோதித்துவிட்டு விடாமல், தமிழ் ‘ஆன்’ செய்த நிலையில், நீங்கள் தினமும் நிரப்பும் அந்தப் படிவத்திலேயே ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஷார்ட்கட் வைத்தால் நான் டைப் செய்வதையெல்லாம் எக்ஸ்டென்ஷன் பார்க்குமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: ஷார்ட்கட்டால் பார்க்காது. அந்தச் சேர்க்கையை அழுத்தினீர்கள் என்ற செய்தியை மட்டும் பிரவுசர் அதற்குச் சொல்லும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில்: போடும்போது ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்டு, நாமும் படிக்காமல் சரி என்று அழுத்தியிருப்போமே, அது இருந்தால் பக்கத்தில் நீங்கள் அடிப்பதைப் பார்க்க அதற்கு வழி உண்டு, பாஸ்வேர்டு உட்பட. குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய், தள அனுமதியை ‘கிளிக் செய்யும்போது’ என்று மாற்றி வையுங்கள்.

கேள்வி: புது எக்ஸ்டென்ஷனின் ஷார்ட்கட் முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை.
– மாணவர், உசிலம்பட்டி

பதில்: அதே சாவியைப் பழைய எக்ஸ்டென்ஷன் ஒன்று பிடித்து வைத்திருக்கும். அப்படி இருந்தால் குரோம் புதியதற்குக் கொடுக்காது, சொல்லவும் சொல்லாது. மேலே சொன்ன ஷார்ட்கட் பக்கத்தில் அதன் பெட்டி காலியாக இருக்கும், வேறொன்றை நீங்களே அழுத்திப் பதியுங்கள்.