கயிறு ஏன் உடைகிறது?

வணக்கம் சார்,

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏல நேரத்தில் நின்று, 12 படங்கள் எடுத்து, ஹியூஜின் என்ற மென்பொருளில் ஒரே அகலப் படமாக (பனோரமா) ஒட்டிப் பார்த்தேன். தூரத்துப் படகுகள் சரியாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் காலடியில் கிடந்த கட்டுக்கயிறு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வானம் பட்டை பட்டையாக இருக்கிறது. ஒரு விசைப்படகுக்கு இரண்டு கம்பங்கள் முளைத்திருக்கின்றன. வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா? அடுத்து ராயபுரம் ரயில் நிலையத்தை எடுக்க ஆசை. என்னிடம் இருப்பது 18-55 லென்ஸ்.

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். ஹியூஜின் இலவசம்தான், ஆனால் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். கயிறு உடைந்தது படம் எடுத்த இடத்திலேயே நடந்துவிட்டது.

கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு உடம்பைத் திருப்புகிறோம். அப்போது சுழலும் அச்சு நம் முதுகெலும்பு. கேமரா அதற்கு 25 செ.மீ. முன்னால் வட்டமடிக்கிறது. ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு 18 டிகிரி திரும்பினால் லென்ஸ் கிட்டத்தட்ட 8 செ.மீ. இடம் மாறிவிடும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் படகுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு மீட்டரில் கிடக்கும் கயிறோ பின்னணியை விட்டு நன்றாக விலகிப்போகும். பள்ளியில் படித்த இடமாறு தோற்றப்பிழைதான் இது. எந்த மென்பொருளாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் இரண்டு படங்களும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

லென்ஸை முன்பக்கமிருந்து பாருங்கள். உள்ளே ஒளி நுழையும் அப்பர்ச்சர் ஓட்டை எந்த ஆழத்தில் தெரிகிறதோ, அந்தப் புள்ளியை மையமாக வைத்துக் கேமரா சுழல வேண்டும். டிரைபாடில் மாட்டினாலும் திருகு பாடிக்கு அடியில் இருப்பதால் மையம் சில செ.மீ. பின்தங்கியே இருக்கும். ஸ்லைடர் தட்டு இருந்தால் கேமராவைப் பின்னுக்கு நகர்த்துங்கள். சோதிப்பது எளிது: பக்கத்து ஜன்னல் கம்பியையும் தூரத்து மின்கம்பத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கேமராவை இடம் வலமாகத் திருப்புங்கள். இரண்டும் பிரியாமல் இருக்கும் இடமே சரியான இடம்.

டிரைபாட் இல்லையென்றால், காசிமேட்டிலேயே கிடைக்கும் தங்கூசியும் (நைலான் தூண்டில் நூல்) ஈயக்குண்டும் போதும். லென்ஸில் அந்த ஆழத்துக்கு நேராக தங்கூசியைக் கட்டி, குண்டு தரையை உரசாமல் ஒரு விரல் உயரத்தில் தொங்கட்டும். தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. ஒவ்வொரு படத்துக்கும் குண்டு அந்தப் புள்ளிக்கு மேலேயே நிற்கும்படி, நீங்கள்தான் கேமராவைச் சுற்றி நகர வேண்டும். முதலில் கால் பின்னும், பழகிவிடும்.

வானத்துப் பட்டைக்குக் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர். கிழக்கே கடல், காலை வெயில் நேரே அடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா புதிதாக ஒரு வெளிச்சக் கணக்குப் போடுகிறது. 'எம்' (மேனுவல்) மோடில், வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்துக்கு அளவெடுத்து அப்படியே பூட்டிவிடுங்கள். அப்பர்ச்சருக்கு எஃப்8 நல்ல தொடக்கம். ஒயிட் பேலன்ஸ் 'டேலைட்', ஃபோகஸ் மேனுவல். போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள், வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும்.

லென்ஸை 35 மி.மீ.-இல் வைத்துக் கேமராவை நெட்டாகப் பிடித்தால் ஒரு படத்தின் அகலம் ஏறக்குறைய 25 டிகிரி. அடுத்தடுத்த படங்கள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் 180 டிகிரிக்கு 10 படங்கள் வரும்.

இரட்டைக் கம்பத்துக்குக் காரணம், அலையில் படகு ஆடியது. ஒரு படகு முழுதாக ஒரே படத்துக்குள் அடங்கும்படி எடுங்கள். எடுத்தாயிற்று என்றால், ஹியூஜினின் மாஸ்க் பகுதியில் ஒரு படத்திலுள்ள படகை மட்டும் விலக்கிவிடலாம். இரண்டு படங்களைப் பொருத்த மென்பொருள் குறிக்கும் பொதுப் புள்ளிகளான கண்ட்ரோல் பாயிண்டுகள் தண்ணீரிலோ படகிலோ மேகத்திலோ விழுந்திருந்தால் அழித்துவிடுங்கள். அசையாத சுவரிலும் கட்டடத்திலும் உள்ளவை போதும்.

ராயபுரம் நிலையம் 1856-இல் திறந்தது, அதன் அழகே நீண்ட முகப்பும் தூண் வரிசையும்தான். துறைமுகத்துக்குப் பொருந்திய, படத்தை உருளையில் சுற்றியதுபோல் விரிக்கும் சிலிண்டர் புரொஜெக்‌ஷனை இங்கே போட்டால் தூண்கள் நேராக நிற்கும், ஆனால் முகப்பின் கூரைக்கோடு வில்லாக வளையும். முடிந்தவரை பின்னே போய், முகப்பு 90 டிகிரிக்குள் அடங்கும்படி 5 படங்கள் எடுத்து, நேர்கோடுகளை நேராகவே காட்டும் ரெக்டிலீனியரில் ஒட்டுங்கள். 120 டிகிரியைத் தாண்டினால் ஓரத்துத் தூண்கள் பருத்துவிடும்.