ஃபெர்மா நிரூபணம்: சறுக்கல் காரணிப்படுத்திய இடத்தில்

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு (அடுக்கு n 2-ஐ விடப் பெரிதானால் xⁿ + yⁿ = zⁿ-க்கு நேர்ம முழு எண் தீர்வு கிடையாது என்பது) ஒன்றின் மூலங்களை (n-ஆம் அடுக்கு 1 ஆகும் சிக்கலெண்களை) வைத்து இரண்டே பக்கத்தில் நிரூபணம் எழுதியிருக்கிறேன், எங்கே தப்பு என்று யாரும் சொல்வதில்லை என்றீர்கள். முழுசாகப் படித்தேன். xⁿ + yⁿ-ஐக் காரணிகளாகப் பிரித்துவிட்டு எழுதிய 'பொதுக் காரணி இல்லை, ஆகவே ஒவ்வொரு காரணியும் முழு அடுக்கு' (அதாவது ஏதோ ஓர் எண்ணின் n-ஆம் அடுக்கு) என்ற வரிதான் பிரச்சினை. பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே வழிதான் என்பது சாதாரண முழு எண்களுக்குச் சரி; மைனஸ் 5-இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துப் பாருங்கள், 6 என்பது 2×3, அப்புறம் (1+√−5)(1−√−5) என்றும் பிரியும். ஒன்றின் மூலங்களைச் சேர்த்த உங்கள் எண்களில் அடுக்கு 23 ஆகும்போது இந்த 'ஒரே வழி' போய்விடுகிறது. 1847-இல் பாரிஸில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே விழுந்ததும் இதே குழியில்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசியில் இந்தத் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸின் 1993 நிரூபணத்திலேயே ஓட்டை இருந்தது, தன் முன்னாள் மாணவர் டெய்லரோடு சேர்ந்து அடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் அடுக்கு 5-க்கு மட்டும் திருத்தி எழுதுங்கள், அலகுகளை (அந்த எண்களுக்குள் 1-ஐ மீதியின்றி வகுப்பவற்றை) விட்டுவிடாதீர்கள்.