மூன்றாவது முறையும் என் பெயர்தான் வந்தது

ஐயா, அமெரிக்காவில் ஓர் அணுமின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனால் ஆறே மாதத்தில் மூன்று முறை ‘ரேண்டம்’ சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துவிட்டார்கள். என் நிறத்தைப் பார்த்துக் குறிவைக்கிறார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இப்போது இன்னொரு பயம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, தனக்கு டாக்டர் எழுதித் தந்த இருமல் மருந்தை இரண்டு ராத்திரி எனக்கும் கொடுத்தார். அப்புறம்தான் லேபிளில் ‘கோடீன்’ என்று இருப்பதைப் பார்த்தேன். “நிறையத் தண்ணீர் குடி, இணையத்தில் ஒரு பொடி விற்கிறது, சிறுநீரில் கலந்துவிட்டால் ஒன்றும் தெரியாது” என்கிறார் கூட வேலை செய்யும் நண்பர். அம்மா குருமாவில் அரைத்துவிடும் கசகசாகூட மாட்டிவிடும் என்கிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் பள்ளியில் படிக்கிறாள். நான் என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். பொடியைத் தொடாதீர்கள்; நிலையத்தின் மருத்துவப் பிரிவுக்கு நீங்களே போன் செய்யுங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் இதே துறையில் வேலை பார்த்தவன் நான். என் பெயரும் பலமுறை வந்திருக்கிறது.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், அதாவது என்.ஆர்.சி., 1989இல் ‘பணித் தகுதி’ விதியை வெளியிட்டது. 1990 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முதல் தடவை போதைப்பொருள் உறுதியானால் குறைந்தது 14 நாள் உள்ளே போகும் அனுமதி கிடையாது. நிறுவனம் விரும்பினால் இதைவிடக் கடுமையாகவும் நடந்துகொள்ளலாம். இரண்டாவது தடவை என்றால் ஐந்து வருஷம். ஆனால் மாதிரியில் எதையாவது கலந்தாலோ, வேறு ஒருவருடையதைக் கொடுத்தாலோ, கொடுக்க மறுத்தாலோ அந்த அனுமதி நிரந்தரமாகப் போய்விடும். முதல் தடவை என்ற சலுகை அங்கே இல்லை. முயற்சி செய்தாலே போதும். ஒரு நிலையத்தில் இப்படிப் பெயர் கெட்டால் அடுத்த நிலையத்துக்கும் அது தெரியும். கோடீனால் உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் சின்னது, அந்தப் பொடியால் வரக்கூடியது உங்கள் தொழிலையே முடித்துவிடும். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று முறை போயிருக்கிறீர்கள், அந்த அறையை நினைத்துப் பாருங்கள். சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள். கழிப்பறைத் தண்ணீர் நீல நிறத்தில் இருக்கும், யாரும் அதை அள்ளி ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக. கோப்பையைக் கொடுத்ததும், அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு பட்டையைப் பார்ப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் பார்த்தாக வேண்டும். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் கிரியேட்டினின் (சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவுப்பொருள்), அடர்த்தி, அமிலத்தன்மை எல்லாம் பார்க்கிறார்கள். இப்படிக் கலக்கிற பொருள்களைத் தேடுவதும் அந்தச் சோதனையிலேயே ஒரு பகுதி. தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் குடம் குடமாகக் குடித்தால் மாதிரி நீர்த்துப்போனது என்று குறிப்பு எழுதுவார்கள், இன்னும் நுணுக்கமாகச் சோதிப்பார்கள். இல்லாத சந்தேகத்தை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, மருந்துக்கு வருவோம். கோடீன் அபின் வகை மருந்து. உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி மார்பினாக மாறுகிறது, சிறுநீரில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் தெரியும். ஒரு மில்லி லிட்டருக்கு 2,000 நானோகிராம் என்பது எல்லை. அதைத் தாண்டினாலும் ஆய்வகம் நேராக உங்கள் மேலாளருக்குச் சொல்லிவிடாது. நடுவில், சோதனை முடிவுகளைப் பரிசீலிக்கும் எம்.ஆர்.ஓ. என்கிற மருத்துவர் இருக்கிறார். முடிவை உறுதி செய்வதற்கு முன் அவர் உங்களிடம் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுதான் உங்களுக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பு.

உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அது அம்மாவின் சீட்டுக்குத் தந்த மருந்து, உங்களுடையது அல்ல. போதைப் பழக்கத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னாலும், ‘அடுத்தவர் மருந்தைப் பயன்படுத்தினார்’ என்று எழுதலாம். அதற்கு என்ன நடவடிக்கை என்பது உங்கள் நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. அதனால்தான் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள் என்றேன். தூக்கம் வரவழைக்கும் மருந்தைச் சாப்பிட்டவர் அன்று கருவிகளில் கை வைக்கலாமா என்று அவர்களும் யோசிக்க வேண்டும் அல்லவா? ரியாக்டரின் அழுத்தம் காட்டும் கருவியைச் சரிபார்க்கிறவர் நீங்கள். இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான்.

மருந்து பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாட்டிலையும் டாக்டர் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். முடிவு தப்பு என்று தோன்றினால் உங்கள் கண் முன்னாலேயே மூடி முத்திரை வைத்த இரண்டாவது குப்பி இருக்கிறதே, அதை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கலாம். தகவல் தெரிந்து மூன்று வேலை நாளுக்குள் கேட்க வேண்டும்.

கசகசா பயம் ஆதாரமில்லாதது அல்ல. கோடீனும் மார்பினும் கிடைக்கிற அதே செடியின் விதைதானே! எல்லை முன்பு 300 நானோகிராமாக இருந்தது. 1998இல் அமெரிக்க அரசின் வழிகாட்டு நெறிகள் அதை 2,000 ஆக உயர்த்தியதற்கு இந்த விதையும் ஒரு காரணம். அந்த எல்லையைத் தாண்டியும் 15,000க்குக் கீழே இருந்தால், பழக்கத்துக்கான மருத்துவ அறிகுறி இல்லாமல் எம்.ஆர்.ஓ. உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஹெராயினுக்கே உரிய கூறு தென்பட்டால் மட்டும் கதை வேறு. குருமாவை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

இனி அந்த மூன்று முறை. உங்கள் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லார் முன்னாலும் கூப்பிடும்போது, நடந்துபோகிற அந்த ஐம்பது அடி தூரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஊழியர் எண்ணிக்கை அளவுக்கே, அதாவது 100 சதவீதம் சோதனை இருந்தது. 1994இல் அதை 50 சதவீதமாகக் குறைத்தார்கள். சோதனை முடிந்த அன்றே உங்கள் பெயர் மறுபடி குலுக்கலுக்குள் போய்விடும், ‘இப்போதுதான் கொடுத்தேன்’ என்பது கணக்கில் வராது. இப்படிக் குலுக்கினால் ஆயிரம் பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஆறு மாதத்தில் மூன்று அழைப்பு வரத்தான் செய்யும். அந்த இருவரில் ஒருவர் நீங்களாக இருக்கலாம். நிலைய மேலாளர் பெயரும், மாதிரி வாங்குகிறவரின் பெயரும்கூட குலுக்கலில் உண்டு. அதற்கு மேலும் உறுத்தினால், தேர்வு எப்படி நடக்கிறது என்று நிலையத்திலேயே கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் என்.ஆர்.சி.யிடமே நேராகச் சொல்லலாம். கேட்பதில் தப்பில்லை, பயப்படவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா பெட்டியில் இருமல் மருந்து வந்தது என்றால் அரிஷ்டமும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அரிஷ்டம் புளித்துத் தயாராவது, தானாக உண்டாகும் ஆல்கஹால் அதில் உண்டு, லேபிளிலேயே போட்டிருக்கும். வேலைக்கு முன் ஐந்து மணி நேரம் ஆல்கஹால் கூடாது என்பது விதி. மூச்சுச் சோதனையில் ரத்த ஆல்கஹால் அளவு 0.04 சதவீதம் எல்லை, வேலைக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் 0.02தான். ஷிப்டுக்கு முன் அது வேண்டாம்.

இருமலால் ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பேன், இருந்தாலும் சொல்கிறேன். 1987 மார்ச்சில் பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் நிலையத்தை என்.ஆர்.சி. மூடச் சொன்னது, கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர்கள் தூங்கியதற்காக. 2008இல் திருத்திய பணித் தகுதி விதியில் களைப்பும் சேர்ந்துவிட்டது. ‘இன்று எனக்கு முடியவில்லை’ என்று நீங்களே சொல்ல அதில் இடம் இருக்கிறது.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். பிள்ளை இருமுவதைக் கேட்டுக்கொண்டு எந்த அம்மா படுத்திருப்பார்? உள்ளூர் டாக்டரிடம் போய், எங்கே வேலை என்பதையும் சொல்லி, கோடீன் இல்லாத மருந்தை உங்கள் பெயரில் எழுதி வாங்குங்கள். அதை அம்மா கையில் கொடுத்து, இனி இதைத்தான் தர வேண்டும் என்று சொல்லுங்கள்.