கூகுள் கல்லா எப்படி நிரம்புகிறது?

மதுரைக் கடைக்காரர்களுக்கு இணைய விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். போன ஞாயிறு கீழமாசி வீதியில் ஒரு மாடியறையில் வியாபாரிகள் கேட்டதும் நான் சொன்னதும் இவை.

மளிகைக்காரர்: தேடுறதுக்குக் காசே வாங்கலையே, அப்புறம் ஏதுண்ணே இவ்வளவு லாபம்?

தேடுபவரிடம் வாங்குவதில்லை. அவர் கண்ணில் படத் துடிக்கும் நம்மிடம் வாங்குகிறார்கள். தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 வருமானம் 35,000 கோடி டாலர். லாபம் 10,000 கோடி டாலர், நம் பணத்தில் சுமார் எட்டரை லட்சம் கோடி ரூபாய். வருமானத்தில் முக்கால் பங்கு விளம்பரம்தான்.

அனுப்பானடி ஏசி மெக்கானிக்: மார்கழிக்கு ஒரு விலை, சித்திரைக்கு ஒரு விலை. என்ன கணக்கு?

ஏலக் கணக்குங்க. 'மதுரை ஏசி சர்வீஸ்' என்று ஒருவர் தட்டினால், கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஒரு கிளிக்குக்கு நீங்கள் 40 ரூபாய் வரை, அடுத்தவர் 25 வரை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத் தரம் இருவருக்கும் ஒன்றானால் மேலே வருவது நீங்கள். கட்டுவது 40 அல்ல, 25-ஐத் தாண்டும் அளவுக்குத்தான். சித்திரை வெயிலில் இன்னும் பத்துப் பேர் இறங்கினால் அந்த 25 ஏறிவிடும், முகூர்த்த நாள் மல்லி மாதிரி. அதற்காக விலையில் கூகுளுக்குக் கையே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். போட்டி பற்றிய பயமில்லாமல் ஏல முறையைத் திருத்தி விலையை ஏற்ற முடிந்தது என்று அமெரிக்க நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி: நல்ல சரக்கு, கூட்டம் வருது. இதுல என்ன தப்பு?

சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் வாசலையும் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். ஐபோனின் சஃபாரி பிரவுசரில் தானாக வந்து நிற்கும் தேடுபொறியாக இருக்க, 2022-ல் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். உங்கள் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை ஒத்துவராவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவீர்கள். இங்கே பக்கத்துக் கடைக்கு ஆளே வருவதில்லை.

கல்லூரி மாணவி: கோர்ட் என்ன செஞ்சுச்சு சார்?

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்றார். கூகுளின் குரோம் பிரவுசரை விற்கச் சொல்வார்கள் என்று பலர் எதிர்பார்த்தோம். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவில் அது இல்லை. பிறரை ஒதுக்கும் ஒப்பந்தங்களுக்குத் தடை, கூகுளின் தேடல் தரவில் கொஞ்சத்தைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசல் வாடகை கொடுப்பதற்குத் தடையில்லை. என்னைக் கேட்டால் காது குத்தி அனுப்பிவிட்டார்கள். நம் நாட்டுப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022-ல் போட்ட அபராதம் 1,337.76 கோடி ரூபாய். மேலே சொன்ன லாபத்தோடு வைத்துப் பாருங்கள், வெற்றிலைபாக்குக் காசு.

மளிகைக்காரர் (மறுபடியும்): சுந்தர் பிச்சை நம்ம ஊராமே?

பிறந்தது மதுரை, வளர்ந்தது சென்னை. அதற்காக கிளிக்குக்குத் தள்ளுபடி கிடைக்காதுண்ணே.

சிம்மக்கல் ஹார்டுவேர் கடைக்காரர்: எங்க கடைப் பேரைத் தேடினாலே போட்டிக்காரன் விளம்பரம் மேல வருது!

உங்கள் பெயரைத் தேடல் சொல்லாக வைத்து அவரும் ஏலம் கேட்கலாம், கூகுள் விதி அனுமதிக்கிறது. பதிலுக்கு ஏலத்தில் இறங்குமுன் காசில்லாத வேலையை முடியுங்கள். மேப்பில் உங்கள் கடை விவரத்தைத் திறங்கள்.

அங்கேயே திறந்தார். ஞாயிறு முழுநாள் திறந்திருக்கும் என்றிருந்தது. போன் நம்பர் பழைய லேண்ட்லைன். படத்தில் தெரிந்தது பக்கத்துப் பாத்திரக் கடையின் போர்டு.