மின் இணைப்பு எட்டாத வீட்டுக்கு உப்புநீர் பேட்டரி வாங்கலாமா?

கேள்வி: மின்கம்பம் வராத இடத்தில் வீடு கட்டி வருகிறோம். கூரையில் சூரியத் தகடுகளைப் பதிக்கத் தீர்மானித்துவிட்டோம். நாளொன்றுக்கு 6 யூனிட் வரை தேவைப்படும். கிணற்று மோட்டாரும் உண்டு. தீப்பிடிக்காது, நச்சுத்தன்மை இல்லை, முழுக்கக் காலியானாலும் கெடாது என்று சொல்லி உப்புநீர் பேட்டரியைப் பரிந்துரைக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் மனம் அதன் பக்கமே சாய்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று நற்குணங்களும் உண்மையானவை. இந்த பேட்டரியில் மின்னோட்டத்தைக் கடத்துவது சோடியம் சல்பேட் போன்ற உப்பு கரைந்த நீர். எரியக்கூடிய கரிமத் திரவமோ, அரிக்கும் கந்தக அமிலமோ அல்ல. ஈய-அமில பேட்டரியைப் பாதி நிறைந்த நிலையில் பல நாட்கள் விட்டுவைத்தால் அதன் தட்டுகளில் ஈய சல்பேட் படிகம் இறுகிக் கொள்ளளவு குறைந்துபோகும். தொடர்ந்து வானம் மூடியிருக்கும் நாட்களில், வேறு மின்சாரமே இல்லாத வீடுகளில் பேட்டரிகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். உப்புநீர் பேட்டரிக்கு இந்த நோய் கிடையாது. பாதியில் நின்றாலும், அடிவரை காலியானாலும், வெயில் வந்ததும் பழையபடி ஏற்றிக்கொள்ளும். இந்த ஒரு குணத்துக்காகவே அதை விரும்புகிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறது. தடை அங்கேதான் தொடங்குகிறது. நீரை அடிப்படையாகக் கொண்ட கலத்தில் மின்னழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் உயர்த்தினால் நீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால், ஒரு கலத்திலிருந்து பெறக்கூடிய ஆற்றல் குறைவு. அதை ஈடுகட்ட எடையும் பருமனும் கூடுகின்றன. அமெரிக்காவின் அக்வியான் நிறுவனம் விற்ற 48 வோல்ட் அடுக்கு (பல கலங்களை ஒன்றாக இணைத்த பேட்டரித் தொகுதி) ஒன்று சுமார் 2.2 யூனிட் சேமித்தது. எடை 118 கிலோ. இரண்டு நாள் தேவையான 12 யூனிட்டுக்கு அத்தகைய அடுக்குகள் ஆறு வேண்டும், அதாவது 700 கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இதே சேமிப்பு பொதுவாக 150 கிலோவுக்குள் அடங்கிவிடும். தரை தாங்குமானால் எடை ஒரு பெரிய குறையல்ல. மின்சாரத்தை வெளிவிடும் வேகம் குறைவாக இருப்பதுதான் உங்களை உண்மையில் வருத்தும். ஓர் அடுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல்தான் காலியாகலாம் என்று கொண்டால், ஆறு அடுக்குகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் தரக்கூடியது 3.3 கிலோவாட் மட்டுமே. ஒரு கிலோவாட் மோட்டார் கிளம்பும் கணத்தில் மூன்று முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து இன்வெர்ட்டர் நின்றுவிட வாய்ப்புண்டு. மென்மையாகக் கிளப்பும் கருவியைப் பொருத்தினால் இது தணியும், ஆனால் அதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மின்னேற்றத்துக்கும் இதே வேக வரம்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வெயில் இல்லாத வாரத்தில் ஜெனரேட்டரை ஓட்டினால், ஓரிரு மணி நேரத்தில் பேட்டரியை நிறைத்துவிட முடியாது.

அடுத்தது இன்வெர்ட்டர். 48 வோல்ட் என்று குறிக்கப்பட்ட உப்புநீர் அடுக்கு, நிறைந்திருக்கும்போது 60 வோல்ட்டை நெருங்கும். காலியாகக் காலியாக 40 வோல்ட்டை ஒட்டியும், சில வகைகளில் 30 வோல்ட் வரையிலும் சீராக இறங்கிக்கொண்டே போகும். ஈய-அமில பேட்டரிக்கென அமைக்கப்பட்ட இன்வெர்ட்டர் ஏறக்குறைய 42 முதல் 44 வோல்ட்டில் நின்றுவிடுவதால், அதற்குக் கீழே இருக்கும் ஆற்றலுக்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தும் அது கைக்கு வராது. மேலும் 50 வோல்ட்டில் 3 கிலோவாட் எடுக்க 60 ஆம்பியர் போதும்; 35 வோல்ட்டில் அதே வேலைக்கு 86 ஆம்பியர் ஓடும். கம்பியின் தடிமனையும் ஃபியூஸையும் அந்தக் கீழ் எல்லையை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே விற்பவரிடம் இன்வெர்ட்டரின் மாதிரி எண்ணைச் சொல்லி, அது எந்த வோல்ட்டில் நிற்கும், அதுவரை எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் மிகவும் அறியப்பட்டிருந்த அக்வியான், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து நல்ல பெயர் எடுத்த நிறுவனம். 2017 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. பொருள் நல்லதாக இருப்பதும் அதை விற்றவர் பத்தாண்டு நிலைத்திருப்பதும் வேறு வேறு. அடுக்குகளில் ஒன்று பழுதானால் அதே வகையில் மாற்று கிடைக்க வேண்டும். தயாரிப்பே நின்றிருந்தால் மீதமுள்ளவையும் நாளடைவில் உபயோகமற்றுப்போகும்.

உங்கள் நிலையில் நான் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டையே வாங்குவேன். கோபால்ட் கலந்த லித்தியம் வகைகளைவிட அது வெப்பத்தில் நிலையானது. கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் கண்காணிப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து, படுக்கையறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவர் ஓரம் வைத்தால் குழந்தைகளைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் பெருமளவு விடை கிடைக்கும். மோட்டாரைப் பகலில் வெயில் உள்ளபோது ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டால், பேட்டரியின் அளவையே குறைத்துவிடலாம். விளக்கு, மின்விசிறி, சிறிய குளிர்சாதனப் பெட்டி என்று மெதுவாக இழுக்கும் சுமை மட்டுமே உள்ள, இடத்துக்குப் பஞ்சமில்லாத வீடாக இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

கேள்வி: சில ஆண்டுகள் பயன்படுத்திய உப்புநீர் அடுக்குகள் குறைந்த விலைக்கு வருகின்றன. என்னிடம் உள்ள ஈய-அமில பேட்டரிகளோடு இணைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒரே இணைப்பில் சேர்க்கவே கூடாது. இரண்டின் மின்னழுத்த எல்லைகளும் வேறு. உப்புநீர் அடுக்கு கீழே இறங்கும்போது ஈய பேட்டரியையும் அதன் எல்லைக்குக் கீழே இழுத்துச் சென்று கெடுக்கும். தனி அமைப்பாக வாங்குவதானால், முழுதாக ஏற்றிய அடுக்கை ஒரு சிறிய சுமையில் இருபது மணி நேரம்வரை ஓடவிட்டு, வெளிவந்த யூனிட்டை மீட்டரில் அளந்த பிறகே விலை பேசுங்கள். வோல்ட் மீட்டரில் எண் சரியாகக் காட்டுவது கொள்ளளவுக்குச் சான்றல்ல. ஒவ்வோர் அடுக்கையும் தனியாகச் சோதியுங்கள். பலவீனமான ஒன்று மற்றவற்றின் உழைப்பையும் தின்றுவிடும்.

கேள்வி: உப்புத் தண்ணீர் ஊற்றினால் எரியும் விளக்கு விற்கிறார்கள். அதே நுட்பமா?

பதில்: இல்லை. அதில் மக்னீசியத் தகடு கரைந்து மின்சாரம் தருகிறது. தகடு தீர்ந்தால் மாற்ற வேண்டும், சூரிய ஒளியால் மீண்டும் ஏற்ற முடியாது. அவசர விளக்காக வைத்துக்கொள்ளலாம். சோடியம்-அயனி என்ற பெயரில் வரும் பேட்டரிகளும் வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுள் எரியக்கூடிய கரிமத் திரவமே இருக்கிறது என்பதால், உப்புநீரின் பாதுகாப்பை அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.